வாசகர் கேள்வி – பதில்: விமானி பயிற்சி மையத்தில் சிமுலேட்டர்

கேள்வி: விமான நிறுவனங்களிடம் உண்மையான விமானங்களே இருக்கும்போது, பெருந்தொகை செலவிட்டு, விமானத்தைப் போலவே நடந்துகொள்ளும் பயிற்சி இயந்திரமான சிமுலேட்டரைத் தரையில் நிறுவுவது எதற்காக?
– திருச்சி வாசகர்

பதில்: சில ஆபத்துகளை உண்மையான விமானத்தில் வரவழைத்துப் பழகக் கூடாது என்பதே முதற்காரணம். 1994 மார்ச் 8 அன்று தில்லி விமான நிலையத்தில் சஹாரா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று பயிற்சிக்காகத் தரையைத் தொட்டு உடனே மேலெழுந்துகொண்டிருந்தது. ஓர் இன்ஜின் செயலிழந்துவிட்டதைப் போன்ற நிலையைப் பயிற்றுநர் உண்டாக்க, பயிற்சி பெற்றவர், மூக்கை இடமோ வலமோ திருப்பக் காலால் அழுத்தும் சுக்கான் மிதியைத் தவறான பக்கம் அழுத்திவிட்டார். விமானம் சரிந்து, அங்கே நின்றிருந்த ஏரோஃப்ளோட் நிறுவனத்தின் இலியூஷின் 86 விமானத்தின் அருகே விழுந்து எரிந்தது. 737-இல் இருந்த நால்வரோடு தரையில் இருந்தவர்களும் சேர்த்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். இதே இன்ஜின் செயலிழப்புப் பயிற்சியின்போது, 1967-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் அருகே டெல்டா நிறுவனத்தின் டிசி-8 விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்து 19 பேர் இறந்திருந்தனர்.

மேலெழும் நேரத்தில் ஓர் இன்ஜின் நின்றுபோனால் எந்தக் காலை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை விமானியின் உடல் யோசிக்காமலே செய்ய வேண்டும். அதற்குப் பலமுறை பழக வேண்டும். பழகும்போது பிழையும் நேரும். அந்தப் பிழையை உயிர்ச்சேதமின்றிச் செய்து பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதால்தான், விமானிகளின் அரையாண்டுத் திறன் சோதனைகள் இன்று பெரும்பாலும் சிமுலேட்டரிலேயே நடக்கின்றன. எரிபொருள் மிச்சமாவது அதற்கு அடுத்த நன்மைதான்.

கேள்வி: முழு அளவிலான ஒரு சிமுலேட்டரைப் பயிற்சி மையத்தில் எப்படி நிறுவுகிறார்கள்? சாதாரணக் கட்டடத்தில் வைத்துவிட முடியுமா?
– கோயம்புத்தூர் கட்டடப் பொறியாளர்

பதில்: முடியாது. தாங்கள் கட்டடப் பொறியாளர் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விமானி அறை, அதன் பின்னே பயிற்றுநரின் இருக்கை, மேலே காட்சித் திரை ஆகிய மூன்றும் சேர்ந்த பெட்டகம் ஆறு கால்களின் மேல் நிற்கிறது. இன்று பயன்பாட்டில் உள்ள மின் இயக்கக் கால்களில், ஏறத்தாழ 14 டன் எடையைத் தாங்கி, ஒவ்வொரு காலும் 60 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டர் வரை நீண்டு சுருங்கும் வகை உண்டு. அவ்வளவு எடை நொடிப்பொழுதில் திசை மாறும்போது தரைக்கு இறங்குவது அசையாத எடையின் விசை மட்டுமன்று. திரும்பத் திரும்ப எல்லாப் பக்கமும் இழுத்துத் தள்ளும் விசை அது. ஆகவே சிமுலேட்டர் நிற்கும் தளத்தைக் கம்பி நிறைந்த தடித்த கான்கிரீட் பாளமாகத் தனியே அமைத்து, அந்த அதிர்வு பக்கத்து வகுப்பறைக்கோ அடுத்த சிமுலேட்டருக்கோ போகாதபடி கட்டடத்தின் மற்றத் தளத்திலிருந்து பிரித்துவைப்பது நல்ல முறை. கால்களின் அடித்தகடுகளைப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகள் வரைபடத்தில் காட்டிய இடத்தில் துல்லியமாக அமைய வேண்டும். கான்கிரீட் முழு வலுப்பெறும் முன் எடையை ஏற்ற எவர் அவசரப்படுத்தினாலும் இணங்கக் கூடாது.

பெட்டகம் உச்சிவரை எழும்பி எல்லாப் பக்கமும் சாய இடம் வேண்டுமென்பதால், கூடத்தின் உயரம் ஏறத்தாழ மூன்று மாடிக்கு இணையாக இருக்கும். கணினிகள் தனி அறையில் இருக்கும். அவற்றுக்கும், திரையில் படத்தை விழச்செய்யும் ஒளிவீழ்த்திகளுக்கும் இடைவிடாத குளிரூட்டலும் யுபிஎஸ் மின்சாரமும் தேவை. பழைய சிமுலேட்டர்களின் கால்கள் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கியவை. அவற்றுக்கு இரைச்சலிடும் பம்புகளுக்கென ஓர் அறை வேண்டியிருந்தது, கசியும் எண்ணெயையும் ஓயாமல் துடைக்க வேண்டியிருந்தது. மின் இயக்கம் வந்த பிறகு அந்தச் சுமை நீங்கியது.

தயாரிப்பாளரின் ஆலையில் ஒருமுறை முழுதாகப் பொருத்திச் சோதித்தபின், சிமுலேட்டரைப் பிரித்துப் பெட்டிகளில் அனுப்புகிறார்கள். இங்கே வந்ததும் முதலில் அடித்தகடுகள், பிறகு கால்கள், அவற்றின் மேல் இயங்குதளம், கிரேன் கொண்டு தூக்கி வைக்கும் விமானி அறை, கடைசியாகக் காட்சி அமைப்பு என்ற வரிசையில் வேலை நடக்கிறது. நான் பணியாற்றிய ஒரு மையத்தில் கூடத்தின் வாசலைப் பெட்டியின் அளவுக்கே கட்டிவிட்டார்கள். பெட்டியைச் சுமந்துவரும் வண்டியின் உயரத்தை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. புதிதாகப் பூசிய சுவரின் மேற்பகுதியை இடித்த பிறகே பெட்டி உள்ளே போயிற்று. தங்கள் துறையினர் இப்பணியில் இறங்கினால், சாலையிலிருந்து கூடம் வரையுள்ள ஒவ்வொரு திருப்பத்தையும் வாசலையும் முன்னதாகவே அளந்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இவ்வேலையில் மிக மென்மையான பகுதி காட்சி அமைப்பே. ஒளிவீழ்த்திகள் படத்தை விமானிகளின் முன்னால் நேரே காட்டுவதில்லை. தலைக்கு மேலுள்ள திரையில் விழும் படத்தை, முன்னே வளைந்து நிற்கும் பெரிய ஆடியில் பிரதிபலிப்பாகவே அவர்கள் பார்க்கிறார்கள். உலோகப் பூச்சுள்ள மெல்லிய படலத்தைக் காற்றை உறிஞ்சி வளைத்து இழுத்து அந்த ஆடியை அமைக்கிறார்கள். அது ஒளிக்கதிர்களை இணையாக்கி அனுப்புவதால், ஓடுபாதை சில மீட்டரில் இல்லாமல் தொலைவில் இருப்பதாகவே கண்ணுக்குப் படுகிறது. இடப்பக்கம் அமர்ந்த கேப்டனுக்கும் வலப்பக்கம் அமர்ந்த துணை விமானிக்கும் அது ஒரே திசையில் தெரிகிறது. படலத்தில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அடிவானம் அந்த இடத்தில் நெளிந்துவிடும். எனவே தூசு அடங்கிய பிறகே, கூடத்தில் வேறு எந்த வேலையும் நடக்காத நேரத்தில் ஆடியைப் பொருத்த வேண்டும்.

கேள்வி: சிமுலேட்டர் இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. அப்படியிருக்க, விமானம் ஓடுபாதையில் விரையும்போது முதுகு இருக்கையில் அழுந்துவதை எப்படி உணர முடிகிறது?
– மதுரை பள்ளி ஆசிரியை

பதில்: நம் உட்காது ஒன்றை மட்டும் பிரித்தறியாது. வேகம் கூடுவதால் உடல் பின்னோக்கித் தள்ளப்படுவதும், உடல் பின்னால் சாய்வதால் புவியீர்ப்பு அதை இழுப்பதும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. சிமுலேட்டர் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. உந்துவிசையைக் கூட்டியதும் பெட்டகம் முதலில் சட்டென முன்னே நகர்கிறது. பிறகு, உடல் உணராத அளவு மெதுவாக மூக்கை உயர்த்திச் சாய்கிறது. வெளிக்காட்சி மட்டும் சமதளமாகவே தொடர்வதால், விமானி தம்மைச் சாய்ந்தவராக எண்ணாமல் விரைந்து செல்பவராகவே உணர்கிறார். இதற்கிடையே, அடுத்த அசைவுக்கு இடம் இருக்கும்படி, கால்கள் உணரமுடியாத வேகத்தில் நடுநிலைக்குத் திரும்பிவிடுகின்றன. தங்கள் மாணவர்களுக்கு இதைக் காட்ட, கண்ணை மூடி ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரச் செய்து மெல்லப் பின்னே சாய்த்தாலே போதும்.

கண்ணும் உடலும் ஒத்துப்போகாவிட்டால் இந்த உணர்வு கலைந்துவிடும். கைப்பிடியை அசைத்த பின் அசைவும் காட்சியும் தாமதமானால், விமானி தேவைக்கு மேல் திருத்தத் தொடங்குவார். சிலருக்குத் தலைசுற்றலும் வரும். சிமுலேட்டர்களின் நான்கு தரங்களுள் உயர்ந்த இரண்டுக்கு இந்தத் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டக் கூடாதென்று ஐரோப்பிய விதி வரம்பிட்டிருக்கிறது.

கேள்வி: என் மகள் விமானிப் பயிற்சியில் சேர விரும்புகிறாள். எல்லா நிறுவனங்களும் "எங்களிடம் சிமுலேட்டர் இருக்கிறது" என்கின்றன. எல்லாம் ஒன்றுதானா?
– சேலம் வாசகி

பதில்: ஒன்றல்ல அம்மா. பொத்தான்களையும் நடைமுறைகளையும் பழக உதவும், அசையாத கருவிகள் உண்டு. தொடக்கத்தில் அவையும் பயனுள்ளவையே. ஆனால் முழு அசைவு கொண்ட சிமுலேட்டர்களை ஏ முதல் டி வரை நான்கு தரங்களாகப் பிரித்திருக்கிறார்கள், டி தரமே உயர்ந்தது. காட்சியும் அசைவும் போதாமல், விமானத்தின் ஒலியும் நடுக்கமும் கூட அளந்து ஒப்பிடப்படுவது அத்தரத்தில்தான். போதிய அனுபவமுள்ள விமானி, இத்தகைய சிமுலேட்டரில் மட்டுமே பயின்று புதிய வகை விமானத்துக்கு மாற விதிகள் இடமளிக்கின்றன. அவர் அந்த விமானத்தை முதன்முதலில் ஓட்டும்போதே பின்னால் பயணிகள் இருப்பார்கள், பக்கத்தில் பயிற்சி கேப்டன் இருப்பார். ஆகவே அந்த இயந்திரம் விமானத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது பயணிகளின் உயிர் தொடர்பான விஷயம்.

இந்த ஒப்புமையை மெய்ப்பிக்கும் வேலையே நிறுவுதலின் கடினமான பாதி என்பது என் கருத்து. விமானத் தயாரிப்பாளர் உண்மைப் பறத்தலில் பதிவு செய்த அளவுகள் ஒரு பக்கம், அதே சூழலில் சிமுலேட்டர் தரும் அளவுகள் மறுபக்கம் என நூற்றுக்கணக்கான சோதனைகளில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். எடுத்துக்காட்டாக, இயல்பாக மேலெழும் சோதனையில் வேகத்தில் 3 நாட் (மணிக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர்), மூக்கின் கோணத்தில் ஒன்றரை டிகிரி, உயரத்தில் 20 அடி ஆகியவற்றுக்குமேல் வேறுபாடு இருக்கக் கூடாது. மிதியை அழுத்தத் தேவைப்படும் விசை, நனைந்த ஓடுபாதையில் நிற்கும் தொலைவு என ஒவ்வொன்றுக்கும் இப்படி வரம்பு உண்டு. அதன்பின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் ஆய்வாளர்கள் வந்து தாமே ஓட்டிப் பார்ப்பார்கள். நம் நாட்டில் இது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பு. சான்று பெற்ற பின்னும் ஆண்டுதோறும் மறுஆய்வு உண்டு. சிமுலேட்டரை வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுபோனால், பிரித்துப் பூட்டிய இயந்திரம் பழையபடியே நடந்துகொள்கிறதா என்று மீண்டும் பார்த்தாக வேண்டும்.

எனவே மகளைச் சேர்க்கும் முன், கருவியின் தகுதிச் சான்றைக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள். எந்த வகை விமானத்துக்கு, எந்தத் தரத்தில், எந்த நாள் வரை, எந்தெந்தப் பயிற்சிக்கு என்ற நான்கும் அதிலேயே இருக்கும். காட்டத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு சோதித்த பிறகும் சிமுலேட்டர் தவறாகக் கற்பிக்க வாய்ப்பு உண்டா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: உண்டு. போயிங் நிறுவனத்தின் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் உயிரிழந்த பிறகு, அந்த வகையின் சிமுலேட்டர் மென்பொருளில் குறை இருந்ததை 2019 மே மாதத்தில் போயிங் ஒப்புக்கொண்டது. அதிவேகத்தில் வால் இறக்கையைக் கையால் சுழற்றித் திருத்தும் சக்கரம் எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதைச் சிமுலேட்டர் சரியாகக் காட்டவில்லை. உண்மைப் பறத்தலில் பதிவான அளவுகள் எந்த எல்லைவரை இருக்கின்றனவோ அதுவரைதான் சிமுலேட்டரை நம்பலாம். அதற்கு அப்பால் அது காட்டுவது கணிப்பே. 2009-இல் ஏர் பிரான்ஸ் நிறுவனத்தின் 447 எண் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்த பின்னர், இறக்கைகள் மேலெழுப்பும் விசையை இழக்கும் நிலையிலிருந்து மீளும் பயிற்சி வலியுறுத்தப்பட்டது. அப்போது அந்த எல்லையை விரிவாக்கச் சிமுலேட்டர்களின் கணித மாதிரிகளையே திருத்த வேண்டியிருந்தது.

கேள்வி: மின்னணுவியலில் டிப்ளமோ படித்திருக்கிறேன். இத்துறையில் வேலை கிடைக்குமா?
– நாகர்கோவில் மாணவர்

பதில்: கிடைக்கும். ஹைதராபாத், குருகிராம், பெங்களூரு ஆகிய ஊர்களில் பெரிய பயிற்சி மையங்கள் இயங்குகின்றன. சிமுலேட்டர்கள் பகலும் இரவுமாக ஓடுவதால், முறைமாற்றுப் பணியில் பராமரிப்பாளர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். மின்சுற்று வரைபடத்தைத் தடையின்றிப் படிக்கவும், கணினி வலையமைப்பைக் கையாளவும், செய்த வேலையை எழுதிவைக்கவும் பழகிக்கொள்ளுங்கள். முந்தைய இரவு ஏற்பட்ட கோளாறைப் பற்றி நீங்கள் எழுதிவைத்த குறிப்பைப் படித்துத்தான் காலையில் பயிற்றுநர் அந்தச் சிமுலேட்டரைப் பயிற்சிக்கு ஏற்பார்.