வாங்குவோர் கேள்வி-பதில்: தகுதிச் சுற்றுக்கு ஹாஸ்பிடாலிட்டி பாஸ் வாங்கலாமா?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததிலிருந்து, கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து ரேஸ் டிக்கெட் பற்றிய கடிதங்கள் நிற்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊர்கள். விமான டிக்கெட்டோடு ரேஸ் டிக்கெட்டும் இப்போது நம் டிராவல்ஸ் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. இந்த வாரம் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில். (தகுதிச் சுற்று என்றால், பந்தயத்தில் எந்தக் கார் முன்னால் புறப்படும் என்று முடிவு செய்ய அதற்கு முன்பு நடக்கும் ஓட்டம்.)

கேள்வி: பஹ்ரைன் 8 மணி நேரப் பந்தயத்தின் தகுதிச் சுற்று நாளுக்கு, ஓர் அணியின் ஹாஸ்பிடாலிட்டி பாஸ் என்று சொல்லி டிராவல்ஸ்காரர் எங்கள் இருவரிடமும் 58,000 ரூபாய் வாங்கினார். கார் நிற்கும் கராஜுக்குள் கூட்டிப்போவார்கள், ஓட்டுநரோடு படம் எடுக்கலாம் என்றார். அங்கே கிடைத்தது சாப்பாடும் டிவியும்தான். கேட்டால் "அது அணியோட முடிவு பாய்" என்கிறார்.
– கீழக்கரை வாசகர்

பதில்: பாய், உங்கள் பக்கம்தான் நியாயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே புகாரோடு வந்த கடிதம் இது ஒன்று மட்டும் அல்ல.

ஹாஸ்பிடாலிட்டி என்பது பேடாக்கில், அதாவது கராஜ்களுக்குப் பின்புறம், அணி தன் விருந்தினருக்குப் போடும் கூடம். சாப்பாடு, ஏசி, ஒவ்வொரு காரின் நேரமும் ஓடும் திரை இவைதான் அதன் அடிப்படை. ஓடுபாதை தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கராஜுக்குள் போவது, பிட் லேனில் (கராஜ்களுக்கு முன்னால் கார்கள் வந்துபோகும் பாதையில்) நடப்பது, ஓட்டுநரைச் சந்திப்பது எல்லாம் தனித்தனிச் சலுகைகள். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தே எல்லாவற்றையும் ஒரே வாயால் சொல்லி விற்கிறார். பில்லில் மட்டும் "ஹாஸ்பிடாலிட்டி – 2 நபர்" என்று முடித்துக்கொள்கிறார். இந்த வாய்வார்த்தை வியாபாரம்தான் என் நெடுநாள் கோபம். தொதல் அல்வா விற்கிறவர்கூட எடையை நம் கண் முன்னே போட்டுக் காட்டுகிறார். 58,000 வாங்குகிறவருக்கு என்னென்ன உண்டு என்று நாலு வரி எழுதித்தர முடியாதா?

இன்னொன்றையும் அவர் மறைத்திருக்கிறார். பஹ்ரைன் பந்தயம் இடம்பெறும் உலக எண்டுரன்ஸ் (நெடுநேரக் கார் பந்தய) சாம்பியன்ஷிப்பில், பிரான்ஸின் லெ மான் பந்தயம் தவிர, 2024 முதல் ஒரு பிரிவின் தகுதிச் சுற்று 12 நிமிடம்தான். அதில் முதல் பத்து இடத்துக்குள் வந்த கார்களுக்கு மட்டும் ஹைப்பர்போல் என்று இன்னொரு 10 நிமிடம். உங்களை அழைத்த அணி பதினோராவதாக வந்திருந்தால், 12 நிமிடத்தோடு அன்றைய கதை முடிந்தது. அந்த 12 நிமிடமும் கராஜில் இருந்து பார்த்தால் தனி அனுபவம்: டயர் மாற்றும் ஆட்களின் பரபரப்பு, இன்ஜினியர் ரேடியோவில் பேசுவது, ஒரே ஒரு நல்ல சுற்றுக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்பது. நீங்கள் ஆசைப்பட்டது அதற்குத்தான். விற்றவர் கொடுத்தது பக்கத்துக் கூடத்தில் ஒரு நாற்காலி.

இனி செய்ய வேண்டியது. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை, குரல் பதிவுகளையும் சேர்த்து, அழிக்காமல் வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரை வைத்தே வழக்குப் போடலாம். பஹ்ரைனில் நடந்தது என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள்.

கேள்வி: தோஹாவில் இருக்கும் என் மகன் 2024-ல், பைக் பந்தய நட்சத்திரம் வாலண்டினோ ரோஸியைப் பார்க்கவே கத்தார் 1812 கி.மீ. பந்தயத்தின் தகுதிச் சுற்றுக்குப் போனான். ரோஸி காரில் ஏறவே இல்லையாம். ஏமாற்றா?
– தொண்டி வாசகர்

பதில்: ஏமாற்று இல்லை, விதி. ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டினாலும் தகுதிச் சுற்றில் ஏறுபவர் ஒருவர்தான். ரோஸி ஓட்டிய எல்எம்ஜிடி3 என்ற கார்ப் பிரிவில், 2024 விதிப்படி, அப்படி ஏறுபவர் வெண்கலத் தரத்து (Bronze) ஓட்டுநராக, அதாவது தொழில்முறை அல்லாதவராக, இருக்க வேண்டும். அந்த பிஎம்டபிள்யூவில் அது ஓமன் நாட்டு அகமது அல் ஹார்தி. நட்சத்திரத்துக்காகப் பணம் கட்டுகிறவர்கள் அன்று யார் ஓட்டுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: தகுதிச் சுற்றில் முதலில் வருகிற கார்தானே ஜெயிக்கும்? அதைப் பார்த்துவிட்டால் பந்தய நாள் டிக்கெட் மிச்சம் என்கிறான் நண்பன்.
– சாயல்குடி வாசகர்

பதில்: லெ மான் 24 மணி நேரத்தில் 2023, 2024, 2025 மூன்று வருடமும் முதலிடத்தில் புறப்பட்ட கார் ஜெயிக்கவில்லை. 2024-ல் முன்னால் நின்றது போர்ஷே, ஜெயித்தது ஃபெராரி. நண்பனை நம்பிப் பந்தய நாள் டிக்கெட்டை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்பான்சரின் விருந்தினர் பாஸ் மிச்சம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொன்னார். சபரில் (வெளிநாட்டில்) இருக்கும் கணவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கலாம் என்று நேற்று இரவு யுபிஐயில் 31,000 ரூபாய் அனுப்பினேன். இப்போது அந்த எண் அணைந்துகிடக்கிறது. அவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.
– பெரியபட்டினம் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் வந்த உடனே தனியாகப் பதில் அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்: பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். அது சைபர் மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணம் வேறு கணக்குக்கு மாறுமுன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பிறகு வங்கிக்கும் எழுத்தில் புகார். ஸ்பான்சர் பாஸ் பெயர் போட்டு, அழைக்கப்பட்டவருக்கு வருவது. முகம் தெரியாதவர் கையில் விலைக்கு வந்தால் வாங்கவே வேண்டாம். கணவரிடம் இன்றே சொல்லுங்கள். ஆசையாகப் பரிசு வாங்க நினைத்ததில் தப்பு ஏதும் இல்லை. தப்பு செய்தவன் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான்.

கேள்வி: வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பந்தயம் சனிக்கிழமையாம். பணம் திரும்புமா?
– மண்டபம் வாசகர்

பதில்: திரும்பாது. டிக்கெட்டிலேயே நாள் அச்சாகியிருக்கிறது. பணம் கட்டுமுன் ஒரு முறை படித்திருக்க வேண்டும். இதற்கு ஆணையமும் ஒன்றும் செய்யாது.

கேள்வி: மேல் மாடியில் இருந்து பார்க்க பைனாகுலர் வேண்டும். "30x60" ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது.
– பாம்பன் வாசகர்

பதில்: வேண்டாம். ராமேஸ்வரம் சாலையோரம் அப்படி ஒன்றை நானும் வாங்கினேன். மேலே அச்சடித்த எண்ணுக்கும் உள்ளே இருந்த கண்ணாடிக்கும் சம்பந்தமே இல்லை. விற்றவரை மறுநாள் அங்கே காணவில்லை. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 30 மடங்கைக் கையில் பிடித்தால் கை நடுக்கத்தில் காரே நிற்காது. 8x42 வாங்குங்கள். மன்னார் வளைகுடாப் பறவைகளைப் பார்க்கவும் ஆகும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையைக் கராஜ் பக்கம் கொண்டுபோக எந்த இயர்மஃப் (காது மூடி) நல்லது?
– கீழக்கரை வாசகி

பதில்: குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வெளிநாடு போக வசதி இல்லை. கார் பந்தயத்தை நேரில் பார்க்க வழி உண்டா?
– தேவிபட்டினம் மாணவர்

பதில்: இருக்கிறது தம்பி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் உண்டு. தேசிய அளவிலான பந்தயங்கள் நடக்கும். ராமநாதபுரத்தில் இரவு சேது எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தாம்பரம். லெ மான் 24 மணி நேரத்தை ஓட்டிய முதல் இந்தியர், 2012-ல் கருண் சந்தோக், சென்னைக்காரர். போகும்போது காதுக்கு ஃபோம் அடைப்பான் வாங்கிக்கொள். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பாக்கெட்டில் எண் அச்சடித்ததாகப் பார்த்து வாங்கு. எண் இல்லாததைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.