லண்டனில் ஒரு நாள்: எந்தச் சிறிய ஓவியக்கூடத்துக்குச் செல்வது?

கேள்வி: முன்பு லண்டன் சென்றபோது நேஷனல் கேலரியையும் பிரிட்டிஷ் மியூசியத்தையும் பார்த்துவிட்டோம். மீண்டும் செல்லவிருக்கிறோம், இம்முறை மூட்டுவலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார். ஓவியங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்க முடியும். வாலஸ் கலெக்‌ஷன், சர் ஜான் சோன் அருங்காட்சியகம், டல்லிச் பிக்சர் கேலரி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? முடியாதென்றால் எதை விடுவது?

பதில்: மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். காலையில் வாலஸ் கலெக்‌ஷன், பிற்பகலில் சோன் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரின் தென்பகுதியில் தள்ளியிருக்கும் டல்லிச்சை இந்த ஒரு நாள் திட்டத்திலிருந்து விட்டுவிடலாம்.

எங்கே எந்தப் புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து இத்தகைய இடங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார்கள். அந்தக் கணக்கில் நேஷனல் கேலரியை எந்தச் சிறிய கூடமும் வெல்லப்போவதில்லை. சேகரித்தவர் யார், தமக்குப் பிறகு அச்சேகரிப்பு எப்படி இருக்க வேண்டுமென்று விரும்பினார் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் நீங்கள் காணப்போவதைத் தீர்மானித்திருப்பது அந்த விருப்பமே.

மான்செஸ்டர் சதுக்கத்திலுள்ள ஹெர்ட்ஃபோர்ட் மாளிகையில் இருப்பவை, ஹெர்ட்ஃபோர்ட் பிரபுக்கள் நான்கு தலைமுறையாகவும் அவர்களுக்குப் பின் சர் ரிச்சர்ட் வாலஸும் சேர்த்தவை. 1897-இல் காலமான அவருடைய மனைவி லேடி வாலஸ் இவற்றை நாட்டுக்கு எழுதிவைத்தபோது, வேறு பொருள்களோடு கலக்காமல் ஒன்றாகவே வைத்திருக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தார். 1900-இல் மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதனால் இன்றும் அது செல்வந்தர் வீடாகவே இருக்கிறது. ஓவியத்தின் கீழ் பிரெஞ்சு மேசையும், மேசைமேல் பீங்கான் குடுவையும் இருக்கும். தற்காலிக இரவல் கொடுக்க 2019-இல் அனுமதி கிடைத்துவிட்டதால், குறிப்பிட்ட ஓவியத்துக்காகவே செல்வதானால் அது இடத்தில் இருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாடியிலுள்ள பெரிய கூடத்தில் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் 1624-இல் வரைந்த ‘சிரிக்கும் வீரன்’ இருக்கிறது. உண்மையில் அவர் சிரிக்கவில்லை. மேல்நோக்கி முறுக்கிய மீசைதான் அப்படி எண்ணவைக்கிறது. முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் அவருடைய சட்டைக் கையை நெருங்கிப் பாருங்கள்: தேனீக்கள், அம்புகள், காதல் முடிச்சுகள் எனப் பூவேலை முழுவதும் காதல் சின்னங்கள். ஃப்ராகோனாரின் ‘ஊஞ்சல்’ ஓவியமும் இங்கேதான் உள்ளது. அதை 2021-இல் சுத்தம் செய்து மீண்டும் மாட்டினார்கள். அனுமதி இலவசம். மாடிக்கு லிஃப்ட் இருக்கிறது, கூடத்தில் அமர்ந்து பார்க்க இருக்கைகளும் உண்டு. அம்மாவைக் கருதியே இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

அங்கிருந்து பாண்ட் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு நடந்து, சென்ட்ரல் லைன் ரயிலில் மூன்றாவது நிறுத்தமான ஹோல்பார்னில் இறங்கினால் சோன் அருங்காட்சியகம் பக்கம்தான். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞராக இருந்த ஜான் சோன், தம் வீடும் சேகரிப்பும் தாம் இறக்கும்போது இருந்த நிலையிலேயே காக்கப்பட வேண்டுமென்று 1833-இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேறச் செய்தார். 1837-இல் அவர் இறந்தார். பிரிட்டிஷ் மியூசியம் வேண்டாமென்று விட்ட எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டியை 1824-இல் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கியவர் இவர். அது நிலவறையில் இருக்கிறது.

உங்களைப் போன்ற ஓவிய ஆர்வலர்கள் தவறவிடக் கூடாதது இங்குள்ள படஅறை. ஏறத்தாழ நான்கு மீட்டர் நீள அகலமே உள்ள அந்த அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அடங்கியிருப்பதற்குக் காரணம், சுவர்களே கதவுகளைப் போலக் கீல்களில் திறப்பதுதான். ஊழியர் ஒரு பலகையைத் திறந்தால் அதன் பின்புறத்திலும் உள்சுவரிலும் மேலும் படங்கள் தெரியும். தந்தையின் சொத்தைச் சூதிலும் கேளிக்கையிலும் அழித்துவிட்டுப் பைத்தியக்கார விடுதியில் முடியும் இளைஞனின் கதையை ஹோகார்த் எட்டு ஓவியங்களில் சொல்லும் புகழ்பெற்ற வரிசை இங்குதான் இருக்கிறது. தென்புறப் பலகைகள் எல்லாம் திறந்தபின் ஒரு சிலையும், கீழ்த்தளத்து அறையும் கண்ணில் படும். இந்தப் பலகைகள் எப்போதும் திறந்தே இருப்பதில்லை. ஆகவே எப்போது திறப்பார்கள் என்று நுழையும்போதே ஊழியரிடம் கேட்டுவிடுங்கள்.

இங்கும் அனுமதி இலவசம். ஆனால் திங்கள், செவ்வாய் இரு நாள்களும் விடுமுறை. ஒரே நேரத்தில் அதிகம் பேரை உள்ளே விடுவதில்லை என்பதால் வாசலில் வரிசையில் நிற்க நேரலாம். வழிகள் மிகக் குறுகியவை. பெரிய பைகளை எடுத்துச் செல்லாதீர்கள். அம்மாவுக்கு உட்கார இடம், லிஃப்ட் வசதி ஆகியவை பற்றி முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்வது அவசியம். அவரால் முடியாதென்றால், வாலஸ் மாளிகையின் முற்றத்து உணவகத்தில் அவரை உங்கள் குடும்பத்தில் ஒருவரோடு விட்டுவிட்டு நீங்கள் மட்டும் சென்றுவரலாம்.

இன்னொரு அரைநாள் கிடைத்தால் மட்டும் டல்லிச். போலந்து மன்னருக்காக வாங்கிய ஓவியங்கள், 1795-இல் அந்த நாடே பங்குபோடப்பட்டு மறைந்ததால், வாங்கியவர்களிடமே தங்கிப்போயின. அவையே இங்குள்ள சேகரிப்பின் அடிப்படை. 1817-இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தை வடிவமைத்தவரும் அதே சோன்தான். கூரை வழியே இறங்கும் இயற்கை வெளிச்சத்தைக் காணவேனும் பகல் நேரத்தில் செல்லுங்கள். நான்கு முறை திருடுபோய் நான்கு முறையும் திரும்பி வந்த ரெம்ப்ராண்டின் சிறு உருவப்படமும் இங்குண்டு. முப்பது சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத அதன் அளவைப் பார்த்தால் திருடர்களுக்கு அது வாகாக இருந்ததில் வியப்பில்லை. விக்டோரியா நிலையத்திலிருந்து வெஸ்ட் டல்லிச்சுக்கு ரயில் உண்டு. நுழைவுக் கட்டணம் இருக்கிறது, திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை.