கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாயப்பட்டறைக்குத் துணி போகும்போது குடோனில் டேப்லெட்டில் டி.சி. (டெலிவரி சலான், சரக்கு அனுப்பும் சீட்டு) போடுகிறார்கள். நெட் விட்டுவிட்டு வருவதால் ஒரே டி.சி. இரண்டு முறை ஏறி, 420 கிலோ 840 கிலோ ஆகிவிடுகிறது. சேவ் பட்டனை ஒருமுறை தொட்டதும் முடக்கினேன், அப்படியும் நிற்கவில்லை.
- வாசகர், திருப்பூர்

பதில்: பட்டனை முடக்கினால் விரல் இரண்டு முறை படுவது மட்டும்தான் நிற்கும். இங்கே டி.சி. சர்வருக்குப் போய்ப் பதிவாகிவிட்டது. ‘ஆயிற்று’ என்ற பதில் திரும்பும் வழியில் நெட் அறுந்திருக்கிறது. டி.சி. போகவே இல்லையா, போய்ப் பதில் மட்டும் வரவில்லையா என்று டேப்லெட்டுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் மறுபடி அனுப்புகிறது. அனுப்பத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சில டி.சி. தொலைந்தே போகும். இரண்டாவதாக வருவது பழையதுதான் என்று சர்வர் கண்டுகொள்ள வேண்டும்.

டி.சி. திரை திறந்ததுமே டேப்லெட்டில் ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத நீண்ட அடையாள எண்) உருவாக்கி, விவரங்களோடு எஸ்க்யூலைட்டில் (டேப்லெட்டுக்குள்ளேயே இருக்கும் சின்ன டேட்டாபேஸ்) எழுதிவிட்டு அதன் பிறகு அனுப்புங்கள். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண். பலர் சறுக்குவது இங்கேதான்: எண்ணை அனுப்பும் ஃபங்ஷனுக்குள் உருவாக்குவார்கள், ஒவ்வொரு முறையும் புது எண் போகும், பழைய கதைதான்.

சர்வரில், டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் என்றால், அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை ஏறாது) போடுங்கள். முதலில் செலக்ட் (தேடிப் பார்ப்பது), இல்லையென்றால் இன்சர்ட் (புதிதாகச் சேர்ப்பது) என்று எழுதாதீர்கள். ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளுமே ‘இல்லை’ என்று பார்த்துவிடும். நேராக இன்சர்ட், கூடவே ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’, அதாவது எண் ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்யாதே. வரிசை ஏதும் சேரவில்லையென்றால் பழைய டி.சி. எண்ணையே வெற்றி என்று திருப்புங்கள். எரர் திருப்பினால் டேப்லெட் முட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டாக் கழிப்பதும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள், அதாவது நடந்தால் இரண்டும், இல்லையென்றால் இரண்டும் இல்லை என்ற கட்டுக்குள், நடக்க வேண்டும். அதே எண்ணில் வேறு எடை வந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

10 நொடிக்குள் பதில் இல்லையென்றால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மறுபடி அனுப்புங்கள், இடைவெளி மட்டும் 60 நொடியைத் தாண்ட வேண்டாம். இடைவெளியில் கொஞ்சம் ரேண்டமும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் எல்லா டேப்லெட்டும் ஒரே சமயத்தில் சர்வர்மேல் விழும்.

கேள்வி: மஞ்சள் குடோனில் ஒரே லாட்டை இரண்டு பேர் இரண்டு டேப்லெட்டில் திருத்தினால், நேரம் பார்த்துப் பிந்தியதை வைக்கிறோம். சில சமயம் பழைய திருத்தமே நின்றுவிடுகிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: ஒரு டேப்லெட்டின் கடிகாரம் 3 நிமிடம் முன்னால் ஓடினால் போதும், அதுதான் எப்போதும் ஜெயிக்கும். கடிகாரத்தை நம்பாமல் நிகழ்வுகளை வரிசைப்படுத்துவது எப்படி என்று கணினி விஞ்ஞானி லெஸ்லி லம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார். உங்களுக்கு அவ்வளவு தூரம் கூட வேண்டாம். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு வெர்ஷன் எண் வையுங்கள். ‘வெர்ஷன் 7 ஆக இருந்தால் மட்டும் மாற்று, 8 ஆக்கு’ என்று அப்டேட் போடுங்கள். ஒரு வரிசையும் மாறவில்லையென்றால் இடையில் வேறொருவர் திருத்திவிட்டார். இரண்டையும் திரையில் காட்டி ஆளையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

மூட்டைக் கணக்கில் ‘மீதி 85’ என்று அனுப்பவே கூடாது. ‘15 மூட்டை போயிற்று’ என்று அனுப்புங்கள். அப்போது இரண்டு பேர் பதிவும் அழியாமல் சேரும்.

கேள்வி: இரண்டு சர்வர் வைத்தால், ஒன்று படுத்தாலும் மற்றது தானாக எடுத்துக்கொள்ளுமா?
- வாசகி, கோவை

பதில்: இரண்டை வைத்துப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது. நடுவில் கேபிள் அறுந்தால் ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதாக நினைத்துத் தானே தலைமை ஏற்கும். கணக்கு இரண்டாகப் பிரியும். யார் தலைமை என்பதற்குச் சர்வர்களுக்குள் பெரும்பான்மை ஓட்டு வேண்டும், ஆகவே 3. நான்காக்கினாலும் தாங்குவது ஒரு இழப்பைத்தான். இரண்டைத் தாங்க 5 வேண்டும். மூன்றாவது ஓட்டுப் போட மட்டும் என்றால் சின்ன மெஷினே போதும். ஆனால் மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகிவிடாதீர்கள்.