குட்டி போட்ட நாய்க்கு உண்ணி: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் நாட்டு நாய் குட்டி போட்டு 18 நாள். மடியில் கொழுத்த உண்ணிகள். பிடுங்கலாமா?

பதில்: பிடுங்கியே ஆக வேண்டும். குட்டிகள் குடித்துவிட்டுத் தூங்கும்போது தாயை வேறு இடத்துக்குக் கூட்டிப்போங்கள். குட்டி பக்கத்தில் இருந்தால் சாதுவான நாயும் கடிக்கும். ஒருவர் தலையைத் தடவிக்கொடுக்க, இன்னொருவர் கூர்முனை பிளக்கரால் உண்ணியின் வயிற்றை விட்டுவிட்டு, தோலை ஒட்டி வாய்ப்பக்கம் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். தோலும் கூடவே எழும்பும், பயப்படாதீர்கள், அப்படியே பிடித்திருந்தால் கழன்று வரும். ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போடுங்கள், நகத்தில் நசுக்கக் கூடாது. மடியில் டெட்டால் தடவினால் குட்டி வாய்க்குத்தான் போகும். காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த பஞ்சு போதும். இன்னொன்று: இழுக்கும் முன் உற்றுப் பாருங்கள். காம்பை உண்ணி என்று நினைத்து இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்ணிக்கு எட்டுக் கால் உண்டு, காம்புக்குக் கிடையாது.

கேள்வி: தலை உள்ளேயே நின்றுவிட்டது.

பதில்: தோண்டாதீர்கள், தோலே தள்ளிவிடும். சீழ் வைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய் தடவினால் தானாக விழுமே?

பதில்: தோல் வெந்துபோகும், தாய் நக்கும், குட்டி சப்பும். வேண்டாம்.

கேள்வி: இதற்கெல்லாம் பிளக்கர் எதற்கு? எங்கள் ஊரில் கோழியே கொத்தித் தின்றுவிடும்.

பதில்: கோழி உண்ணி தின்னும், உண்மைதான். மாட்டின் மேலிருந்து கொத்துவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாய் உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவரேறி, விரிசலுக்குள் போய்த்தான் முட்டையிடும், ஒரே பெண் உண்ணி ஆயிரக்கணக்கில். அங்கே எந்தக் கோழி போகும்? அதனால் விரிசலைப் பூசுங்கள், சாக்கை வெந்நீரில் அலசுங்கள்.

கேள்வி: எங்கள் கருங்கோழி நாய் மேலேயே ஏறிக் கொத்தும்!

பதில்: குட்டி போட்ட நாய் மேலா? அடுத்த வாரம் கோழி இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

கேள்வி: இருக்கும் அக்கா, எங்கள் நாய் அதற்குப் பயப்படும்.

பதில்: சரி, நான் தோற்றேன். கோழிப் பேச்சு போதும்.

கேள்வி: குட்டிகள் மேலும் உண்ணி. ஷாம்பூ போடலாமா?

பதில்: மூன்று வாரக் குட்டியைக் குளிப்பாட்டினால் குளிரில் விறைத்துவிடும். கையால் தேடி எடுங்கள். ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: தாய்க்கு மாத்திரை, சொட்டு மருந்து?

பதில்: பால் கொடுக்கிறது என்று சொல்லி டாக்டரிடம் வாங்குங்கள், கடைக்காரரிடம் வேண்டாம். அமிட்ராஸ் என்ற உண்ணி கொல்லும் மருந்துக் கரைசல் வீட்டில் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். பாதி மாத்திரையைக் குட்டிக்குக் கொடுக்கும் வழக்கமும் வேண்டாம்; அவை பெரும்பாலும் 8 வாரம் தாண்டிய குட்டிக்குத்தான்.

கேள்வி: பெட்ரோல்?

பதில்: மண்ணெண்ணெய்க்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: தீக்குச்சி சூடு?

பதில்: மேலே படியுங்கள்!

கேள்வி: இரண்டு நாளாகத் தாய் சாப்பிடவில்லை, உடம்பு கொதிக்கிறது, மூக்கில் ரத்தம்.

பதில்: பிளக்கரைக் கீழே வையுங்கள், இப்போதே கிளம்புங்கள். உண்ணி பரப்பும் ரத்தக் கிருமிகளான எர்லிக்கியா, பபேசியா இரண்டுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குட்டிகளையும் கூடையில் எடுத்துப்போங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெயில் கொஞ்சமாக மண்ணெண்ணெய் கலந்து...

பதில்: கொஞ்சமாகவும் கிடையாது.