சொகுசு காருக்கு எந்த ஃப்ளோர் மேட் நல்லது? 7டி மேட் போடலாமா?

கேள்வி: புதிதாக ஒரு சொகுசு செடான் வாங்கியிருக்கிறேன். தரை முழுக்க வெளிர் நிற கார்ப்பெட். பார்க்கிறவர்கள் எல்லாம் உடனே 7டி மேட் போடச் சொல்கிறார்கள். போடலாமா? வேறு எது நல்லது?

நானும் உங்களைப் போலத்தான் ஆரம்பித்தேன். வெளிர் நிற உள்ளறை, கார்ப்பெட்டில் ஒரு கால்தடம் விழுந்தாலே மனசு பதறும். வண்டி வந்த மூன்றாம் நாள் 7டி மேட் போட்டுவிட்டேன். பார்க்க அமர்க்களமாக இருந்தது. கட்டம் கட்டமாகத் தையல், காலை வைத்தால் மெத்தை மாதிரி. அதை ஏன் கழற்றினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மழைக்காலத்தில் ஏசி போட்டாலே உள்ளே ஈரத்துணி வாடை வர ஆரம்பித்தது. ஏசி ஃபில்டரை மாற்றினேன். வாசனைக் குப்பி ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன். இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாயிற்று. கடைசியில் சர்வீஸில் விட்டபோது மெக்கானிக் சீட்டைக் கழற்றி மேட்டைப் பெயர்த்தார். முன் சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்த ஸ்பாஞ்ச் முழுக்க ஊறிப்போயிருந்தது. ஏசியில் சேரும் தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்துக்கொண்டு உள்பக்கமாகக் கசிந்திருக்கிறது. கசிவுக்கு மேட் காரணமில்லைதான். ஆனால் அது மேலே மூடிக்கொண்டு கிடந்ததால் எனக்கு வாரக்கணக்கில் தெரியவில்லை, ஈரம் காயவும் வழியில்லை. சன்ரூஃப் இருக்கும் வண்டிகளில் அதன் வடிகால் குழாய் அடைத்தாலும் இதே கதை நடக்கும்.

விலை உயர்ந்த கார்களில் இது சாதாரண விஷயம் இல்லை. சாலைச் சத்தம் உள்ளே வராமல் இருக்க கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். ஒரு தடவை நனைந்தால் லேசில் காயாது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக், சீட் மோட்டார் இவற்றின் வயர்கள் ஓடும். சில மாடல்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளே அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதனால் மேட் விஷயத்தில் என் முதல் நிபந்தனை, இரண்டு நிமிடத்தில் கையால் கழற்றி எடுக்க முடிய வேண்டும். 7டி மேட்டை அப்படி எடுக்க முடியாது. பக்கச் சுவர் வரை ஏறி, வாசல்படி பிளாஸ்டிக்குக்கு அடியில் செருகி, சீட் போல்ட்டைச் சுற்றி வெட்டிப் பொருத்தும் விரிப்பு அது. சில இடங்களில் பின் சீட்டுக்குக் காற்று போகும் வழியையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். முன் சீட்டுக்கு அடியில் பாருங்கள், அந்த வாய் தெரியும். அப்புறம், இந்த 3டி, 5டி, 7டி எல்லாம் வியாபாரப் பெயர்கள். எது 5, எது 7 என்று யாரும் அளந்து வைத்த தர அளவு கிடையாது. மேலே லெதரெட் என்கிற செயற்கைத் தோல், நடுவில் நுரை, கீழே ஒரு பிடிப்புத் துணி, அவ்வளவுதான்.

சரி, கார்ப்பெட்டை விடுங்கள். ஓட்டுநர் பக்க மேட் பெடல்களுக்குப் பக்கத்தில் கிடக்கும் பொருள். அதை யாரும் யோசிப்பதில்லை. 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில், சான் டியேகோ அருகே, ஒரு லெக்சஸ் ஈஎஸ் 350 வேகத்தைக் குறைக்க முடியாமல் ஓடி விபத்துக்குள்ளானது. காரில் இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். அது டீலர் தற்காலிகமாக ஓட்டக் கொடுத்த வண்டி. அதில் கிடந்தது லெக்சஸின் ஆர்எக்ஸ் எஸ்யூவிக்கான ரப்பர் மேட். ஆக்சிலரேட்டர் பெடல் அந்த மேட்டில் சிக்கிக்கொண்டது. அடுத்த மாதமே டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களிடம் ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடச் சொன்னது. பிறகு பெடலின் நீளத்தையே வெட்டிக் குறைத்துக் கொடுத்தது. கவனியுங்கள், அது மட்டமான மேட் இல்லை. அதே கம்பெனியின் மேட்தான். வேறு மாடலுக்கு அளவெடுத்தது, அவ்வளவுதான்.

அதனால் 'எல்லா காருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் ஓட்டுநர் பக்கத்துக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் மாடல், அதன் தலைமுறை, வருடம், ஸ்டியரிங் எந்தப் பக்கம், நான்கும் பொருந்த வேண்டும். தரையில் மேட்டைப் பிடிக்கும் கொக்கியோ குமிழோ இருக்கும். அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் மேட்டில் துளை இருக்க வேண்டும். வெல்க்ரோ மட்டும் ஒட்டி வருவதை நான் நம்புவதில்லை, தூசி ஏறினால் பிடிப்பு போய்விடும். பழைய மேட்டின் மேலேயே புதியதைப் போடுவதும் கூடாது. கம்பெனி மேட் அழுக்காகாமல் இருக்கட்டும் என்று பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மேல் மேட் எந்தக் கொக்கியிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, பல சொகுசு கார்களில் ஆக்சிலரேட்டர் மேலிருந்து தொங்காது, தரையிலேயே கீல் வைத்து நிற்கும். அப்படியானால் மேட் அந்தக் கீலின் மேல் ஏறக்கூடாது, அதைச் சுற்றி வெட்டு இருக்க வேண்டும். போட்ட பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு ஆக்சிலரேட்டரைக் கடைசி வரை அழுத்திப் பாருங்கள். கையால் மேட்டை முன்னால் தள்ளி மறுபடி அழுத்துங்கள். எங்காவது உரசினால் அந்த மேட் வேண்டாம்.

இனி எந்தப் பொருள் என்று பார்த்தால், நான் இப்போது போட்டிருப்பது டிபிஇ மேட். ரப்பர் மாதிரி வளையும் ஒரு வகை பிளாஸ்டிக். தட்டு மாதிரி ஓரம் எழும்பி இருப்பதால் மழைத் தண்ணீர், மணல், சிந்திய காபி எல்லாம் அதற்குள்ளேயே நிற்கும். அப்படியே தூக்கிக் கழுவிவிடலாம். ஓரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் இறங்கும்போது குதிகால் தட்டும். பிவிசி மேட்டும் இதே வடிவத்தில் வரும், ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதன் வாடை தூக்கலாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுருள் சுருளான பிளாஸ்டிக் இழைகளால் ஆன நூடுல்ஸ் மேட் எனக்குப் பிடிக்காது. மணல் உள்ளே இறங்கிவிடுவதால் மேலே சுத்தமாகத் தெரியும், ஆனால் அதைத் தட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தீப்பற்றும் தன்மையையும் பார்க்கலாம். காருக்குள் இருக்கும் விரிப்பில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என்கிறது அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதி. நல்ல தயாரிப்பாளர்கள் இந்த விதியின் எண்ணைக் குறிப்பிடுவார்கள்.

கம்பெனியோடு வந்த கார்ப்பெட் மேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். காலுக்கு இதமாக இருப்பதும் சத்தத்தை உறிஞ்சுவதும் அதுதான். நான் மழை இல்லாத மாதங்களில் அதைப் போடுவேன், மற்ற நேரம் டிபிஇ. ரோல்ஸ் ராய்ஸ் மாதிரி கார்களில் கம்பளி விரிப்பு வரும். கால் புதையும் அந்த விரிப்புக்காகவும்தானே பணம் கொடுக்கிறோம், அதைப் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன சுகம்? அங்கே ஓட்டுநர் பக்கம் மட்டும் பாதுகாத்தால் போதும் என்பேன்.

நிறத்துக்கு வருகிறேன். கறுப்பு அழுக்கைக் காட்டாது என்பார்கள். காய்ந்த மண்ணும் தூசியும் கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். உங்கள் வெளிர் கார்ப்பெட்டுக்கு நடுத்தரச் சாம்பல் நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். கழுவிய மேட் பளபளக்கட்டும் என்று டயர் பாலிஷோ டேஷ்போர்டு பாலிஷோ தடவாதீர்கள். ஷூ வழுக்கும், பிரேக்கிலிருந்து கால் நழுவும். இரண்டாவது, எவ்வளவு நல்ல மேட்டாக இருந்தாலும் அடியில் மணல் போகத்தான் செய்யும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு முறை கால் அழுத்தும்போதும் அந்த மணல் உப்புத்தாள் போலக் கார்ப்பெட்டைத் தேய்க்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேட்டைத் தூக்கி, அடியில் வேக்குவம் போட்டு, கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கே வண்டியைக் காட்டுங்கள். கழுவிய மேட் முழுக்கக் காய்ந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

டிக்கிக்கு ஒரு ஓரம் உயர்ந்த தட்டு போதும், அங்கே பெடல் இல்லாததால் இத்தனை கெடுபிடி தேவையில்லை. ஆர்டர் போடும் முன் ஓட்டுநர் பக்கத் தரையில் எத்தனை கொக்கி, எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டி, "இதில் மாட்டுமா?" என்று கேளுங்கள். மாட்டும் என்று சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.