வந்த காலமும் கலந்த காலமும்

கேள்வி: இரண்டு மக்கள் கூட்டங்கள் "சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் கலந்தன" என்று மரபணு ஆய்வுகளில் எழுதுகிறார்கள். இன்று வாழ்பவர்களின் உமிழ்நீரை மட்டும் வைத்து ஆண்டைக் கணிப்பது எப்படி?

பதில்: டி.என்.ஏ. துண்டுகளின் நீளத்தை வைத்துத்தான். கலப்பு மணத்தில் பிறந்த குழந்தையிடம், ஒவ்வொரு குரோமோசோம் ஜோடியிலும் ஒன்று முழுக்கத் தாய் கொடுத்தது, மற்றது தந்தை கொடுத்தது. அக்குழந்தை வளர்ந்து அதன் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, ஜோடிகள் வெட்டுண்டு ஒன்றோடொன்று மாறி ஒட்டிக்கொள்கின்றன. தலைமுறை ஏற ஏற, ஒரு கூட்டத்திடமிருந்து வந்த துண்டு சிறுத்துக்கொண்டே போகும்.

நீளத்தை அளக்கும் அலகு சென்டிமார்கன்; 100 சென்டிமார்கன் நீளத்தில் தலைமுறைக்குச் சராசரியாக ஒரு வெட்டு விழும். மனிதரில் 1 சென்டிமார்கன் தோராயமாக 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். வந்தவர்களின் பங்கு 20 சதவீதம், அவர்கள் வழித் துண்டுகளின் சராசரி நீளம் 6.25 சென்டிமார்கன் என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 6.25-ஆல் வகுத்தால் 16. வெட்டுண்ட இடத்தில் வந்தவர்களின் துண்டே மீண்டும் ஒட்டினால் அந்த வெட்டு தெரியாது; ஆகவே அதை மற்றவர்களின் பங்கான 0.8-ஆல் வகுத்தால் 20 தலைமுறை. தலைமுறைக்கு 29 ஆண்டு என்றால் 580 ஆண்டு.

கணக்கு எளிது, சறுக்கும் இடங்கள்தான் அதிகம். கலப்பு ஒரே காலத்தில் நடந்து முடிந்தது என்பது இதன் அடிப்படை அனுமானம். இருநூறு ஆண்டுகள் ஆட்கள் வந்துகொண்டே இருந்திருந்தால், கடைசியில் வந்தவர்களின் நீளமான துண்டுகள் சராசரியை உயர்த்தி, கலப்பை உண்மையைவிட அண்மையில் நடந்ததாகக் காட்டிவிடும். மிகச் சிறிய துண்டுகளை மென்பொருள் தவறவிட்டாலும் அதே திசையில்தான் பிழை.

இதைவிடப் பெரிய தவறு, கலந்த காலத்தை வந்த காலம் என்று படிப்பது. பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்தவர்களும் தாஹிட்டித் தீவுப் பெண்களும் 1790-இல் பசிபிக் கடலின் பிட்கேர்ன் தீவில் குடியேறினார்கள். அவர்களின் வழிவந்தோர் 1856-இல் நார்ஃபோக் தீவுக்கு மாற்றப்பட்டார்கள். நார்ஃபோக் மக்களின் துண்டுகள் காட்டக்கூடியது பிட்கேர்னில் தொடங்கிய கலப்பை, 1856-ஐ அல்ல. மறுபுறம், வந்த கூட்டம் பல தலைமுறை தனக்குள்ளேயே மணம் முடித்திருந்தால், கலப்பு வருகைக்கு வெகுநாள் பின்னால் நிற்கும். ஆகவே கப்பல் பதிவு, நிலப் பதிவு, இடப்பெயர் ஆகியவற்றோடு ஒப்பிடாமல் எந்த ஆண்டையும் குடியேற்ற ஆண்டாக எழுதக் கூடாது.

கேள்வி: தாய்வழிச் சோதனை ஓரிடத்தையும் தந்தைவழிச் சோதனை வேறோர் இடத்தையும் காட்டினால் எது சரி?

பதில்: இரண்டும் சரி. பத்துத் தலைமுறைக்கு முன் உங்கள் வம்ச மரத்தில் மூதாதையருக்கு 1,024 இடங்கள் உண்டு. தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அதில் ஒருவரையும், தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம் இன்னொருவரையும் மட்டுமே காட்டும். ஒரு சமூகம் முழுவதிலும் இந்த வேறுபாடு தெரிந்தால்தான் வரலாறு பேசும். ஐஸ்லாந்தில் ஆண்வழி பெரும்பாலும் ஸ்காண்டிநேவியா. பெண்வழியில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதி.

கேள்வி: ஒரு வட்டாரத்தின் பழைய குடியேற்றத்தை ஆராய யாரிடம் மாதிரி எடுக்க வேண்டும்?

பதில்: தாத்தா பாட்டி நால்வருமே அந்த வட்டாரத்தில் பிறந்தவர்களிடம். 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 2,039 பேரை இப்படித்தான் தேர்ந்தார்கள். நால்வரும் ஒன்றுக்கொன்று 80 கிலோமீட்டருக்குள் பிறந்திருக்க வேண்டும். இதனால் அண்மை நூற்றாண்டின் இடப்பெயர்வு விலகி, தாத்தா பாட்டி பிறந்த காலத்தின் நிலை கிடைக்கிறது.

நெருங்கிய உறவினர் இருவர் வந்தால் ஒருவரை நீக்குங்கள். இல்லையேல், மரபணு ஒற்றுமையை வைத்து வரையும் படத்தில் ஒரு குடும்பமே தனி இனம் போல ஒதுங்கி நிற்கும். ஓர் ஊரில் 300 பேர், பக்கத்து ஊரில் 15 பேர் என்று எடுத்தாலும் படம் பெரிய கூட்டத்தின் பக்கம் கோணிவிடும். இரு ஆய்வகங்களின் தரவை இணைக்கும்போது, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளான ஏ, டி, சி, ஜி ஆகியவற்றில், ஆளுக்கு ஆள் ஏ–டி அல்லது சி–ஜி என மாறும் இடங்களை நீக்கிவிடுவது நல்லது. டி.என்.ஏ.வின் இரு இழைகளில் ஏ-க்கு எதிரே டி, சி-க்கு எதிரே ஜி இருப்பதால், எந்த இழையைப் படித்தார்கள் என்பது அவ்விடங்களில் எழுத்தைப் பார்த்துத் தெரியாது. அப்படியே விட்டால், ஆய்வகங்களுக்கு இடையிலான வேறுபாடு மக்களுக்கு இடையிலான வேறுபாடாகத் தோன்றும்.