இடைக்கால இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், நடத்திய நீதிமன்றங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சர்ச் கோர்ட் என்றாலே ஆளைப் பிடித்து எரிப்பதுதானே சார்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மதவிரோத வழக்குகள் இருந்தன, ஆனால் ஆயரின் நீதிமன்றத்துக்கு அன்றாடம் வந்தவை வேறு: கல்யாணத் தகராறு, உயில், தசமபாகப் பாக்கி (திருச்சபைக்குத் தர வேண்டிய பத்தில் ஒரு பங்கு), அவதூறு. கடன்கூட அங்கே வந்தது. சத்தியம் செய்து வாங்கிய கடனைக் கொடுக்காவிட்டால் சத்தியத்தை மீறிய பாவம் என்று வழக்குப் போடலாம். மரண தண்டனை விதிக்கக் குருக்களுக்கு, அதாவது பாதிரியார்களுக்கு, அதிகாரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க, வெறுங்காலோடு, கையில் மெழுகுவர்த்தி ஏந்தி நடப்பது வழக்கமான தண்டனை. சில நேரம் பிரம்படியும் உண்டு.

கேள்வி: விசாரணை எப்படி நடக்கும்? கொதிக்கிற தண்ணீரில் கைவிடச் சொல்வார்களா?

1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், அதாவது ரோமில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம், குற்றவாளியைக் கடவுளே காட்டுவார் என்று நம்பிச் செய்த அந்தச் சோதனைகளை ஆசீர்வதிக்கக் கூடாது என்று குருக்களுக்குத் தடை போட்டது. வழக்கு நடவடிக்கைகளை எழுத்தில் பதிய வேண்டும் என்றதும் அதே சங்கம்தான். என்னை இந்தத் துறைக்குள் இழுத்ததே அந்த எழுத்துதான்.

வழக்குத் தொடுப்பவர் மனுவை எழுதிக் கொடுப்பார், எதிராளி பதில் சொல்வார். ஜூரி கிடையாது. சாட்சிகளை ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்து விசாரிப்பார்கள். எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கும்: எந்த இடம்? அவர்கள் நின்றார்களா, உட்கார்ந்திருந்தார்களா? என்ன உடை? அப்போது என்ன நேரம்? ஜோடித்த சாட்சி என்றால் இங்கேதான் ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் முரண்படும். முழு நிரூபணத்துக்கு இரண்டு சாட்சிகளாவது வேண்டும். சாட்சி பேசுவது ஆங்கிலத்தில், எழுத்தர் எழுதுவது லத்தீனில். அப்படி மாற்றி எழுதியும் வேலைக்காரப் பெண்ணின் பேச்சும் உழவனின் பேச்சும் நமக்குக் காதில் விழுகின்றன. அரசர்களின் வரலாற்றில் இவர்களுக்கு ஏது இடம்?

கேள்வி: யாருக்கும் தெரியாமல் செய்த கல்யாணம் செல்லுமா?

செல்லும்! 12-ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் உறுதிப்படுத்திய விதி இது. 'உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்', 'உன்னை என் கணவனாக ஏற்கிறேன்' என்று இருவரும் நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால் போதும், குருவும் வேண்டாம், கோயிலும் (சர்ச்சும்) வேண்டாம். மரத்தடியிலும் அடுப்பங்கரையிலும்கூடக் கல்யாணம் நடந்தது. அப்புறம் ஒருவர் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று மறுத்தால் வழக்குதான். 'ஏற்கிறேன்' என்றாரா, 'ஏற்பேன்' என்றாரா என்ற ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே நின்றது. இதைத் தடுக்கத்தான் கல்யாணத்தை முன்னதாகக் கோயிலில் அறிவிக்க வேண்டும் என்று அதே 1215 சங்கம் விதித்தது. நம் கோயில்களில் இன்றும் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிக்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

கேள்வி: அழைப்பாணை வந்தும் போகாமல் இருந்துவிட்டால்?

சபை விலக்கு, அதாவது திருச்சபையிலிருந்து தள்ளிவைப்பார்கள். அதற்கும் அசையாமல் 40 நாள் கழிந்தால் ஆயர் அரசரின் அலுவலகத்துக்கு எழுதுவார், ஷெரிஃப் என்ற அரசரின் அதிகாரி பிடித்துச் சிறையில் போடுவார்.

கேள்வி: பைபிள் வாசிக்கத் தெரிந்தால் தூக்கிலிருந்து தப்பலாமாமே, உண்மையா?

உண்மை. குருக்களின் குற்றத்தை யார் விசாரிப்பது என்பது அரசர் இரண்டாம் ஹென்றிக்கும் பேராயர் தாமஸ் பெக்கெட்டுக்கும் இடையே பெரிய சண்டையானது. 1170-இல் பெக்கெட்டை கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அதன்பின் கொலை, திருட்டு போன்றவற்றில் குருக்களை ஆயரிடம் ஒப்படைக்க அரசர் இணங்கினார். அங்கேதான் மரண தண்டனை கிடையாதே! குருதானா என்று பார்க்க வாசிக்கச் சொல்வார்கள். பிற்பாடு வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. வாசிக்க வழக்கமாகக் கொடுத்தது பைபிளின் 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். கழுத்தைக் காப்பாற்றியதால் அதற்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர். 1489-இல் பெருவிரலில் சூடு போடும் வழக்கம் வந்தது, குரு அல்லாதவர் இரண்டாம் முறை தப்பக் கூடாதே! சலுகை ஒழிந்தது 1827-இல்தான்.

கேள்வி: இந்த ஆவணங்கள் இன்னும் இருக்கின்றனவா?

யார்க் நகரில் மட்டும் 1300 முதல் 1858 வரையிலான 14,000-க்கும் மேற்பட்ட வழக்குக் கட்டுகள் இருக்கின்றன. நீதிமன்ற அறையைப் பார்க்க வேண்டுமானால் செஸ்டர் பேராலயத்துக்குப் போங்கள். அது பிற்காலத்தது, 17-ஆம் நூற்றாண்டு. ஆனாலும் நீதிபதியின் உயர்ந்த இருக்கையும் எழுத்தர்கள் சுற்றி உட்கார்ந்த பெரிய மேசையும் இன்னும் அப்படியே இருக்கின்றன.